மழைக்காட்டு விலங்குகளும் தமிழ்ப் பெயர் வழக்கும்

முன்னுரை

குறிஞ்சி நிலத்துக் கருப்பொருள்களை எடுத்துரைக்கும் நூல்களும் உரைகளும் புலி, யானை, கரடி, குரங்கு, மயில், கிளி என்னும் பெயர்களை நிரல்பட அடுக்கிச் செல்கின்றன. அவ்வடுக்கினைக் கற்கும் மாணவர், இவையனைத்தும் ஒரே காட்டில் ஒருங்கே வாழ்வன என்று கருதிவிடுதல் இயல்பு. மலை ஒன்றேயாயினும் அதன்மேல் உள்ள காடு ஒன்றன்று. அடிவாரத்தில் முட்புதர்க் காடும், அதற்குமேல் இலையுதிர் காடும், மழை மிக்க சரிவுகளில் பசுமை மாறாத மழைக்காடும், உச்சியில் புல்வெளியும் ஒரே மலையில் அமைதல் உண்டு. இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் உரிய விலங்குகள் வேறு வேறாம்.

மழைக்காட்டில் வாழும் விலங்குகள் யாவை, அவை அங்கே வாழ்தற்குக் காரணம் யாது, அவற்றுக்குத் தமிழில் வழங்கிய பெயர்கள் எத்துணைத் தெளிவுடையன என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். உலகின் மழைக்காடுகள் பலவாயினும், தமிழிலக்கியத்தோடு நேரே தொடர்புடையது மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடே ஆதலின், அதனையே சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். விலங்கின் பெயரை அதன் வாழிடத்தோடு சேர்த்து அறிந்தாலன்றிச் சங்கப் பாட்டின் பொருள் முழுமையாக விளங்காது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மழைக்காட்டின் இயல்பு

‘மழைக்காடு’ என்னும் தொடர் பழந்தமிழ் வழக்கன்று. 1898ஆம் ஆண்டில் செருமானிய நிலைத்திணை அறிஞர் சிம்ப்பர் தம் நூலில் ஆண்ட சொல்லைத் தழுவி உலக மொழிகளில் பரவிய தொடர்களுள் இதுவும் ஒன்றாகும். வெப்ப மண்டலத்தில் மிகுதியான மழை பெய்து, வறண்ட காலம் குறுகியதாக அமைந்து, மரங்கள் எல்லாம் ஒருங்கே இலையுதிர்க்காமல் ஆண்டு முழுதும் தழைத்து நிற்கும் காடே மழைக்காடு எனப்படும். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை, ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப்படுகை, மலேயா, சுமத்திரா, போர்னியோ முதலிய தென்கிழக்காசிய நாடுகள் ஆகியவற்றில் இக்காடுகள் பெரும்பரப்பாக உள்ளன. நிலப்பரப்பில் நூற்றுக்கு ஆறேழு பங்கே இவை அடைத்திருப்பினும், நிலவாழ் உயிர்வகைகளில் ஏறத்தாழப் பாதி இவற்றில் வாழ்கின்றன என்பது உயிரியல் அறிஞர் மதிப்பீடு.

மேற்குத்தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் சிறப்பினைக் கருதி 2012ஆம் ஆண்டில் இம்மலையின் 39 பகுதிகளை யுனெசுக்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆனைமலை, மேகமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய பகுதிகளின் உயர்ந்த சரிவுகளில் மழைக்காடு காணப்படுகின்றது. வெடிப்பலா, நாங்கு முதலிய மரங்கள் இங்கே முப்பது மீட்டருக்கு மேலும் ஓங்கி வளர்கின்றன.

இக்காட்டின் அமைப்பை ஒருவாறு அறிந்தாலன்றி இதன் விலங்குகளை அறிதல் இயலாது. ஓங்கிய மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு கூரைபோல் மூடிநிற்கும். அக்கூரையின்கீழ் நிழலை விரும்பும் சிறுமரங்களும், அவற்றின்கீழ்ச் செடிகளும், கொடிகளும், அடியில் சருகு மெத்தையும் அமையும். மேலே விழும் கதிரொளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே தரையை எட்டும். ஒளி குன்றிய தரையில் புல் செழித்து வளராது. புல் இல்லாத இடத்தில் புல்மேயும் விலங்குகள் கூட்டமாக வாழ இயலாது. இலை, பூ, கனி, பூச்சி ஆகிய உணவெல்லாம் மேலே மரத்தலைகளில் மிகுந்திருத்தலின், மழைக்காட்டு விலங்குகளில் பல மரத்தின்மேல் வாழ்வனவாகவே அமைந்தன. தரையில் நடந்து செல்லும் ஒருவர் இக்காட்டில் விலங்குகள் அரியன என்று எண்ணுதல் இதனாலேயாம்.

உரியனவும் பொதுவானவையும்

மழைக்காட்டில் காணப்படும் விலங்கெல்லாம் மழைக்காட்டு விலங்கு ஆகா. இவற்றை இருவகையாகப் பிரித்துக் கொள்ளலாம். ஏனைய காடுகளிலும் வாழ்ந்து, மழைக்காட்டிலும் வழங்குவன ஒருவகை, இவை பொதுவானவை. மரக்கூரையின் தொடர்ச்சியும் மாறாத ஈரமும் இன்றி வாழமாட்டாதன மற்றொரு வகை. இவையே மழைக்காட்டிற்குச் சிறப்பாக உரியன.

யானை, புலி, சிறுத்தை, காட்டுப்பன்றி, கடமான், ‘ஆமா’ என்று பழந்தமிழர் வழங்கிய காட்டுமாடு ஆகியவை பொதுவானவை. யானை மழைக்காட்டின் வழியே ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும். ஆற்றோரங்களிலும் திறந்த வெளிகளிலும் புல்லும் மூங்கிலும் தேடி உண்ணும். புலி இரை உள்ள இடமெல்லாம் திரியும். இவற்றைக் கொண்டு ஒரு பாட்டின் காட்டினை இன்ன காடு என்று துணிதல் இயலாது. சிறப்பாக உரியவற்றை மரக்கூரை, தரை, மண், நீர் என்னும் இடவரிசைப்படி இனிக் காண்போம்.

மரக்கூரையில் வாழ்வன

மரக்கூரை உயிர்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது, இக்காலத்தார் ‘சிங்கவால் குரங்கு’ என்றும் ‘சோலைமந்தி’ என்றும் வழங்கும் குரங்காகும். உடல் முழுதும் கரிய மயிரும், முகத்தைச் சூழ்ந்து வெள்ளிய நரைமயிரும், நுனியில் குஞ்சமுடைய வாலும் இதன் அடையாளங்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காட்டையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வாழ்வதில்லை. கேடுறாத காட்டில் இது தரைக்கு இறங்குவது மிக அரிது. வெடிப்பலாவின் பூவும் விதையும் இதற்குச் சிறந்த உணவு. ஏனைய கனிகளையும் பூச்சிகளையும் உண்ணும். இக்குரங்குகள் காட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 4,000க்கும் குறைவே என மதிப்பிடப்பட்டுள்ளது.

இதனோடு உறையும் மற்றொரு குரங்கு ‘கருமந்தி’ அல்லது ‘கருங்குரங்கு’ என்று வழங்குவது. நீலகிரி மந்தி எனவும் கூறுவர். இதன் உடலும் முகமும் கரியன. தலைமயிர் மட்டும் பழுப்பு நிறமானது. வால் நீண்டது; குஞ்சமில்லாதது. இது பெரும்பாலும் இலையுண்ணும் இனம். இலைகளைச் செரித்தற்கேற்ப அறைகளாகப் பகுக்கப்பட்ட இரைப்பை இதற்கு அமைந்துள்ளது. சிங்கவால் குரங்கு உணவைக் கன்னத்துப் பைகளில் அடக்கிக் கொண்டு செல்லும். கருமந்திக்கு அப்பைகள் இல்லை. நிறத்தால் ஒத்தவை போலத் தோன்றினும் இவை இரண்டும் வேறு இனத்தன என்பது இதனால் விளங்கும்.

மலையணில், வாலுடன் சேர்த்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. சுள்ளியும் இலையும் கொண்டு உயர்ந்த கிளைகளில் பந்துபோன்ற கூடு கட்டும். மழைக்காட்டிலும் ஈரமிக்க இலையுதிர் காட்டிலும் இதனைக் காணலாம். இரண்டிடத்தும் மரத்தை விட்டு இறங்குவது அரிது. இருவாட்சி என்னும் பெரும்பறவையின் அலகின்மேல் மற்றோர் அலகு வைத்தாற்போன்ற புடைப்பு உண்டு. அதனால் இரண்டு வாயுடையது எனப் பொருள்பட ‘இருவாய்ச்சி’ என்னும் பெயரும் பெற்றது. பெண் இருவாட்சி முதிய மரத்தின் பொந்தினுட் புகுந்து, அலகு நுழையும் அளவான பிளவு ஒன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சில திங்கள்வரை ஆண்பறவை அத்தி முதலிய கனிகளைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். எனவே முதிய மரங்கள் இல்லாத காட்டில் இருவாட்சிக்கு இனப்பெருக்கம் இல்லை.

இரவில் இம்மரக்கூரையை வேறு உயிர்கள் ஆள்கின்றன. பழுப்பு மரநாய் கனிகளை உண்டு விதைகளைப் பரப்பும். பறக்கும் அணில் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோலினை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும். பகலில் பறக்கும் ஓணான் நீண்ட விலா எலும்புகளால் தாங்கப்பட்ட தோற்சிறகினை விரித்து அவ்வாறே செல்லும். இவை உண்மையில் பறப்பன அல்ல; உயரத்தினின்று தாழ்ந்த இடத்தை நோக்கி மிதந்து இறங்குவனவே. அமெரிக்க மழைக்காட்டின் சில குரங்குகள் வாலினையே ஐந்தாவது கைபோலக் கிளையைப் பற்றப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டுக் குரங்குகளின் வால் கிளையைப் பற்றும் ஆற்றலுடையதன்று. மரத்தை விட்டு இறங்காமல் வாழவேண்டும் என்னும் ஒரே தேவைக்கு வெவ்வேறு கண்டத்து உயிர்கள் வெவ்வேறு வகையில் உறுப்பமைதி பெற்றுள்ளமை ஈண்டு அறியத்தக்கது.

தரையிலும் மண்ணிலும் நீரிலும் வாழ்வன

தரையில் வாழும் உயிர்களுள் சருகுமான் குறிப்பிடத்தக்கது. இதன் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே. கொம்பு இல்லை, ஆணுக்கு மேல்வாயில் நீண்ட கோரைப்பற்கள் உண்டு. விலங்கியலார் இதனை உண்மையான மானினத்தில் சேர்ப்பதில்லை. சருகுகளிடையே மறைந்து வாழும் இதன் இயல்பைப் பெயரே காட்டிவிடுகின்றது. வாழிடத்தைப் பெயரிலேயே அடக்கி வைக்கும் தமிழ் மரபிற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். இராசநாகம் சருகுகளைத் திரட்டிக் கூடமைத்து முட்டையிடும். பாம்புகளுள் இவ்வாறு கூடு அமைப்பதாக அறியப்பட்டவை இராசநாகங்களே. மேற்குத்தொடர்ச்சி மலையின் இராசநாகம் தனி இனம் என்பது 2024ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

ஈரம் மாறாத காட்டில் தவளைகள் பல்குதல் இயல்பு. மேற்குத்தொடர்ச்சி மலையில் நிலநீர் வாழ்வனவாகிய உயிர்வகைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. தவளை நீரில் முட்டையிடும். முட்டையினின்று தலைப்பிரட்டை தோன்றும். அதுவே பின்னர்த் தவளையாகும் என்பது நாம் பொதுவாக அறிந்தது. மழைக்காட்டுப் புதர்த்தவளைகள் பலவற்றில் தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். முட்டையினின்று சிறு தவளையே வெளிப்படும். காற்றே ஈரமாக இருத்தலின், நீர்நிலையை நாடாமல் இலையிலும் பாசியிலும் முட்டையிட இவற்றால் இயல்கின்றது.

மண்ணுக்குள் வாழும் ஊதாத்தவளை 2003ஆம் ஆண்டில் அறிஞர் பிசுவும் பொசுயித்தும் உலகிற்கு விளக்கியுரைத்தது. ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தடியிற் கழித்து, பருவமழை தொடங்கும்போது சில நாள்களே இது வெளிவருகின்றது. இதன் நெருங்கிய உறவினம் இந்தியப் பெருங்கடலில் உள்ள செசல்சு தீவுகளில் வாழ்கின்றது. பண்டு ஒன்றாயிருந்த பெருநிலப்பரப்பு பிரிந்தமைக்கு இவ்வுறவு சான்று பகர்கின்றது. இதனோடு இயைந்த மற்றோர் இனம், திருவில்லிபுத்தூரை அடுத்த கிழக்குச் சரிவிலிருந்து 2017ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. எனவே மழைக்காட்டு உயிர்களின் பட்டியல் இன்றளவும் முற்றுப்பெறவில்லை எனலாம்.

மழைக்காட்டிற்கு உரியன அல்லாதன

குறிஞ்சிப் பாட்டுக்களில் பயின்றுவரும் உயிர்களுள் சில மழைக்காட்டிற்கு உரியன அல்ல. வருடை எனப் பழந்தமிழர் வழங்கிய வரையாடு, உயர்ந்த மலையின் புல்வெளியிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழ்வது. அடர்ந்த மரக்காட்டில் மேய்வதன்று. புள்ளிமான் திறந்த காட்டையும் புல்நிலத்தையும் விரும்புவது. மயில் புதர்க்காட்டிலும் இலையுதிர் காட்டிலும் பெருகுவது. மரக்கூரை மூடிய மழைக்காட்டின் உள்ளே இயல்பாகக் காணப்படாதது. பன்னீராண்டுக்கு ஒருமுறை ஒருங்கே மலர்ந்து 2006, 2018ஆம் ஆண்டுகளில் மலையைப் போர்த்த நீலக்குறிஞ்சியும் உச்சிப் புல்வெளிக்கு உரிய செடியே.

அங்ஙனமாயின் புலவர் பிழைபட உரைத்தனரோ எனின், அன்று. குறிஞ்சி என்பது ஒரு காட்டின் பெயரன்று. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. பொள்ளாச்சி மழைமறைவு நிலத்தில் அமைந்த ஊர். அதனை அடுத்த ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் வால்பாறையை அடையலாம். அதற்கு அணித்தான சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மழை மிகுந்து பெய்யும் இடங்களுள் ஒன்றாகும். வழியின் தொடக்கத்தில் மயில் அகவும். முடிவில் மழைக்காட்டுக் குரங்கின் குரல் கேட்கும். சில மணி நேர நடையில் காடு மாறிவிடும் மலையில், ஒரே பாட்டினுள் இருவேறு காட்டின் உயிர்கள் இடம்பெறுதல் இயல்புக்கு முரணன்று. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வருதலைத் தொல்காப்பியமும் உடன்பட்டுள்ளது. ஆயின் இன்ன உயிர் இன்ன காட்டிற்குரியது என்று அறிந்த பின்னரே அம்மயக்கத்தையும் நாம் உணர்தல் கூடும்.

குரங்கு, முசு, ஊகம்

மழைக்காட்டின் சிறப்புயிர்களுக்குத் தமிழில் பெயர் இருந்ததா என்னும் வினாவிற்கு இனி விடை காண்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்து மரபியல், உயிர்களின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றை வரையறுக்கின்றது. ஆங்குக் குரங்கு, முசு, ஊகம் என மூன்று தனிப்பெயர்கள் கூறப்பட்டு, அம்மூன்றன் பெண்ணுக்கும் ‘மந்தி’ என்னும் பெயர் விதிக்கப்பட்டுள்ளது. ‘கலை’ என்னும் ஆண்பாற்பெயர் உழைமானுக்கேயன்றி முசுவுக்கும் உரித்தென வேறோரிடத்தில் சொல்லப்படுகின்றது. இளமைப்பெயர் கூறுமிடத்தில் குரங்கினை மரக்கிளையில் வாழ்வது என அடைகொடுத்து ஆசிரியர் சுட்டுகின்றார். மரத்தின்மேல் வாழ்தல் ஒரு சிறப்பியல்பு என்பதை இலக்கண நூலாசிரியர் கண்டுணர்ந்தமைக்கு இவ்வடையே சான்று.

ஓரினத்தையே மூன்று பெயரால் கூறினார் என்பது பொருந்தாது. மூன்றும் ஒன்றாயின், அவற்றைத் தனித்தனி எண்ணிப் பெண்பாற்பெயரைப் பொதுவாக்க வேண்டுவதில்லை. எனவே மூன்றும் மூன்று வகையே. அவை எவ்வெவ்வகை?

இதற்குக் கபிலர் பாட்டுக்கள் துணைபுரிகின்றன. குறுந்தொகையின் 121ஆம் பாட்டில், மலைச்சாரலில் வாழும் முசுக்கலையின் முகம் மை பூசினாற்போன்ற கருமையுடையதாகக் கூறப்படுகின்றது. அது தாங்கும் அளவறிந்து பாயாமையால் கிளை முறிந்த செய்தி அங்கே உவமையாக வருகின்றது. அதே தொகையின் 249ஆம் பாட்டில், பெருமழை பொழிந்த சாரலில் குட்டியோடு நடுங்கும் ஊகத்தின் முகம் நரைத்ததாகக் கூறப்படுகின்றது. பாடியவர் இரண்டிடத்தும் ஒருவரே. ஒருவரே ஒன்றனைக் கருமுகம் உடையதாகவும் மற்றொன்றனை நரைமுகம் உடையதாகவும் பாடுதலின், அவர் இரண்டையும் வேறு வேறாகக் கண்டறிந்தவர் என்பது பெறப்படும். சங்கப் பாட்டுக்களில் சிவந்த முகமுடைய மந்தியும் இடம்பெறுகின்றது. ஆகவே செம்முகம், கருமுகம், நரைமுகம் என முகவண்ணம் மூன்று கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் இன்று காணப்படும் குரங்கினங்களோடு இவற்றை ஒப்பிடுவோம். ஊர்களிலும் கோயில்களிலும் திரியும் நாட்டுக்குரங்கின் முகம் சிவப்பு ஏறியது. அது செம்முகத்திற்குப் பொருந்தும். நீண்ட வாலும் கரிய முகமும் உடைய இலையுண்ணும் இனங்கள் இரண்டு உள்ளன: ஒன்று வறண்ட காடுகளிலும் வாழும் சாம்பல்நிற மந்தி, மற்றொன்று மழைக்காட்டுக் கருமந்தி. இரண்டும் முகத்தால் கரியன. இரண்டும் நெடுந்தூரம் பாய்வதில் வல்லன. ‘முசு’ என்னும் பெயர் இவ்விரண்டற்கும் பொதுவாக நின்றிருத்தல் கூடும். எஞ்சிய நரைமுகத்திற்குச் சாலப் பொருந்துவது, முகத்தைச் சூழ நரைமயிர் அடர்ந்த சிங்கவால் குரங்கே. பெருமழை பொழியும் சாரலும் அதன் வாழிடத்தோடு ஒத்துள்ளது.

249ஆம் பாட்டில் மயில் அகவுதலும் கூறப்படுகின்றதே, மழைக்காட்டில் மயில் யாங்ஙனம் வரும் என ஒருவர் வினவலாம். மேலே கூறிய மலையமைப்பே இதற்கு விடை. தலைவி தொலைவினின்று தலைவனது குன்றத்தை முழுமையாக நோக்குகின்றாள். குன்றின் கீழ்ச்சரிவில் மயிலும் மேற்சரிவில் ஊகமும் வாழ்தல், மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்றும் காணக்கூடிய அமைதியே. இக்காரணங்களால் ‘ஊகம்’ என்னும் பழஞ்சொல் சிங்கவால் குரங்கினைக் குறித்தது எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து என்று கருதுகின்றோம்.

பெயர் மயங்குவதால் விளையும் கேடு

ஊகம் என்பதற்குக் ‘கருங்குரங்கு’ என்று பொருள் எழுதிவிட்டு அமைதல் உரைகளிலும் பாடநூல்களிலும் பெருவழக்கு. நிறத்தை நோக்க இது பிழையன்று. ஆயின் ‘கருங்குரங்கு’ என்பது இன்றைய பேச்சு வழக்கில் நீலகிரிக் கருமந்தியின் பெயராக நிலைத்துவிட்டது. எனவே அவ்வுரையைக் கற்கும் மாணவர் நரைமுகமுடைய ஊகத்தைக் கருமுகமுடைய கருமந்தியாகவே கொள்வர். கபிலர் வேறுபடுத்திய இரண்டும் உரையினால் ஒன்றாகிவிடுகின்றன.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் சிங்கள மக்கள் இலையுண்ணும் மந்தியை ‘வந்துரா’ என்பர். அப்பெயரைக் கேட்டறிந்த ஐரோப்பிய நூலாசிரியர், அதனைத் திரித்து இலங்கையில் இல்லாத சிங்கவால் குரங்கிற்குச் சூட்டினர். அப்பிழை நெடுங்காலம் அந்நாட்டு நூல்களில் நிலவியது. பிறர் வைத்த பெயரை மொழிபெயர்த்து ‘சிங்கவால் குரங்கு’ என நாம் வழங்கத் தொடங்கியமையால், நம் இலக்கியத்தில் இருந்த பெயர் நம்மாலேயே மறக்கப்பட்டது. ‘சோலை’ என்னும் சொல்லோ இதற்கு மாறான வரலாறு உடையது. பழந்தமிழில் மரச்செறிவினைப் பொதுவாகக் குறித்த அச்சொல், உயர்மலைப் புல்வெளியின் இடையே மடுக்களில் அமைந்த குறுமரக் காட்டின் பெயராக உலக அறிவியல் நூல்களில் இன்று ஏறியுள்ளது. வழங்கினால் சொல் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பெயர் மயக்கத்தின் கேடு நூலளவில் நின்றுவிடவில்லை. கருங்குரங்கின் இறைச்சியில் மருந்துக்குணம் உண்டு என்னும் தவறான நம்பிக்கையால், இலேகியம் செய்தற்பொருட்டுக் கருமந்திகள் பெருந்தொகையாக வேட்டையாடப்பட்டன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கருமந்திக்கும் சிங்கவால் குரங்கிற்கும் உயர்ந்த காப்பினை அளித்துள்ளது. 1976ஆம் ஆண்டில் களக்காட்டுப் புகலிடம் சிங்கவால் குரங்கினைக் கருதியே அமைக்கப்பட்டது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அக்காட்டைக் காக்க வேண்டும் என்போர் முன்வைத்த காரணங்களுள் இக்குரங்கும் ஒன்றாயிற்று. 1983ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டில் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எனினும் ஆனைமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டமையின், வால்பாறை மேட்டுநிலத்தில் மழைக்காடு தோட்டங்களுக்கு இடையே துண்டுதுண்டாகவே எஞ்சியுள்ளது. ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டிற்குச் செல்லக் கிளைவழி இல்லாமையால், தரையறியாத குரங்கு தரைக்கு இறங்குகின்றது. சாலையைக் கடக்குங்கால் ஊர்திகளில் அடிபட்டு மடிகின்றது. வீடுகளின் அருகே குப்பையில் உணவு தேடுகின்றது. சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்துத் தொங்குபாலங்கள் கட்டி, இக்குரங்குகள் கடந்து செல்ல அங்கே வழி செய்துள்ளனர். மரக்கிளையில் வாழ்வது என்று மரபியல் அடைகொடுத்த உயிருக்கு இன்று கிளையை நாம் கட்டித்தர வேண்டியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மழைக்காட்டில் புல் குன்றி உணவு மேலே மிகுதலின், அதன் சிறப்புயிர்களுட் பல மரக்கூரையில் வாழ்வன. மேற்குத்தொடர்ச்சி மலையில் சிங்கவால் குரங்கு, கருமந்தி, இருவாட்சி, பழுப்பு மரநாய், புதர்த்தவளை முதலியவை அத்தகையன. யானையும் புலியும் எல்லாக் காட்டிற்கும் பொது. வரையாடு, புள்ளிமான், மயில் ஆகியவை மழைக்காட்டிற்கு உரியன அல்ல. குரங்கு, முசு, ஊகம் என்பன மூன்று வேறு வகைகள். அவற்றுள் நரைமுகமுடைய ஊகம் மழைக்காட்டின் சிங்கவால் குரங்கே.

இத்துறையில் முதுகலை மாணவர் ஆற்றத்தக்க பணி ஒன்று உண்டு. ஆனைமலையில் காடரும் முதுவரும் மலைமலசரும், பொதிகைப் பகுதியில் காணிக்காரரும் மழைக்காட்டோடு நெடுங்காலமாக உறவுடையவர்கள். அவர்கள் உயிர்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களை, உயிரின் உருவம், உணவு, வாழும் இடம், குரல் ஆகிய குறிப்புக்களோடு தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பினைச் சங்கச் சொல்லடைவோடும் விலங்கியல் நூல்களோடும் ஒப்பிட்டு நோக்கினால், ‘ஒருவகை விலங்கு’, ‘ஒருவகைப் பறவை’ என்று அகராதிகள் பொருளெழுதி விடுத்த சொற்கள் பலவற்றிற்கு உருவம் கிடைக்கும். அவற்றை வழங்குவோரும் அவ்வுயிர்கள் வாழும் காடும் உள்ளபோதே இப்பணி நிகழ்தல் வேண்டும். சொல்லைக் காப்பது நம் கடமையாயின், அச்சொல் சுட்டும் பொருளை நேரிற் கண்டு அறிதலும் அக்கடமையின் பகுதியே.